யோசிக்கிற நாற்காலி

இந்த நாற்காலிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவரைத்தான் முதலில் இதில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்து, செய்ததை நினைத்துப் பார், நினைத்து முடித்ததும் வாயைத் திறந்து சொல் என்று எதிரே ஒரு ஆளைக் காவல் போட வேண்டும். அந்தக் காவல் ஆள் நானாக இருக்கக் கூடாது. ஆனால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள், யுனிவர்சிட்டியிலிருந்து பயிற்சிக்கு வந்த பிள்ளைதானே, எதைச் சொன்னாலும் செய்யும். குட்டிப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட உட்கார்ந்திருக்கிறேன், இடது கால் மரத்துப்போய்விட்டது, மாற்றிப் போட்டால் அசைகிறேன் என்று அவள் நினைப்பாள், அசைந்தால் தளர்கிறேன் என்று அர்த்தம். யார் சொன்னது? இந்த ப்ளே ஸ்கூலை நடத்துகிற சித்ரலேகா மேடம் சொன்னது. எதிரே திங்கிங் சேரில் கவிஷ்கா. நான்கு வயது. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. ஸ்நாக்ஸ் நேரத்துக்கு முன்னால் ரித்விக்கின் முன்கையில் பல் பதியக் கடித்துவிட்டாள், அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். முதல் தடவையும் இல்லை, ஏற்கெனவே வேறு இரண்டு பிள்ளைகளைக் கடித்திருக்கிறாள். "அவங்கம்மா கூப்பிட வர்றதுக்குள்ள எனக்கு ஒரு சாரி வேணும் எழில். அவ ரித்விக்கைப் பாத்துச் சொல்லணும், சத்தமா சொல்லணும். இல்லன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லிடப் போறேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு மேடம் ஆபீஸ் அறைக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார். ஏசியின் தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே பக்கெட்டில் சொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு பக்கெட் இருக்கிறது.

சாரி. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மேடம் என்ன செய்யப் போகிறார், ஃப்ரேம் போட்டு மாட்டப் போகிறாரா? வருத்தம் இருந்தால் வார்த்தை வரும், வார்த்தை வந்தால் வருத்தம் வந்துவிடுமா? போன செமஸ்டரில் செமினாரில் இதைத்தான் கேட்டேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டு, "எழில், நீங்க சைல்ட் டெவலப்மென்ட் படிக்க வந்தீங்களா, கேஸ் நடத்த வந்தீங்களா?" என்றார், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன், அப்புறம் ஹாஸ்டலுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவருக்கு முழுப் பதிலும் சொன்னேன். பகிர்தல், முறை காத்தல், கேட்டு வாங்குதல், மன்னிப்புக் கேட்டல், இவை முன்பள்ளிப் பருவத்தின் சமூகத் திறன்கள் என்று புத்தகம் சொல்கிறது. சரி. எந்தச் சமூகத்தின் திறன்கள்? முறை காத்து நிற்கிற யாரையும் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததில்லை. பகிரச் சொல்கிறார்களே, வழியில் போகிற ஒருவர் வந்து "உங்க ஸ்கூட்டியைக் கொஞ்ச நேரம் குடுங்க மேடம், நானும் ஓட்டிப் பாக்கறேன்" என்றால் சித்ரலேகா மேடம் சாவியை நீட்டுவாரா? ஆனால் ஒரு பிள்ளை தன் பொம்மையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டால் மட்டும் ஷேரிங் வரவில்லை என்று ரிமார்க். அங்கிளுக்கு டாட்டா சொல்லு, ஆன்ட்டிக்கு ஒரு முத்தம் குடு, தாத்தா கேக்கறார்ல வாயில என்ன கொழுக்கட்டையா. நான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்? எதிரே இருப்பவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாதாடுவதற்கு எதிராளிகூட இல்லாத நிலைமைக்கு வந்துவிட்டேன். கண் எரிகிறது. பினாயிலும் ரவா உப்புமாவும் யாரோ டிரவுசரிலேயே போய்விட்ட ஈர வாடையும் கலந்து இந்த அறைக்கென்றே ஒரு மணம், சாயந்தரம் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும்.

"கவிஷ்கா. ஒரே ஒரு தடவை. சாரி ரித்விக். அப்புறம் நாம போய் கலர் பண்ணலாம்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, தேன் தடவின குரல், பெரியப்பாவின் குரல். ஆமாம், இதே குரல்தான். தை மாதம் பெரியப்பா லால்குடியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அன்றைக்குக் கூடம் நிறைய அவருடைய ஆபீஸ் நண்பர்கள், சம்பந்தி வீட்டார், தோளில் துண்டு போட்டவர்கள், மோதிரம் போட்டவர்கள். பெரியப்பாவின் பேத்தி மிதுனாவுக்கும் இதே வயசு. "வாடா தங்கம், அங்கிளுக்கு ஷேக்ஹேண்ட் குடு, அந்த ரைம்ஸ் சொல்லு பாப்போம், ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் இவதான் தெரியுமா." மிதுனா ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். புது ஃப்ரிட்ஜ், அட்டைகூடப் பிரிக்கவில்லை. பெரியப்பா சிரித்துக்கொண்டே போனார், சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தார், சிரிப்பு மாறாமலே முதுகில் ஒன்று வைத்தார். சத்தம் கேட்டது. கூடம் காபியைக் குடித்தது. நான்தான், "உங்களுக்கு வெட்கமா இல்லையா பெரியப்பா, அது குழந்தையா, குரங்கு வித்தையா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு அப்புறம் யாரும் என்னோடு மிதுனாவைப் பற்றிப் பேசவில்லை, என் வாயைப் பற்றித்தான் பேசினார்கள். காரில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "நீ சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. நாளைக்குப் போன் பண்ணி ஒரு சாரி சொல்லிடு." "சரின்னா எதுக்குப்பா சாரி?" "பெரியவர்." "அதுக்கு?" "எழிலு, சொல்லிடும்மா." சொல்லவில்லை. துறையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை, சும்மா நிறுத்திவிட்டார். இப்போது மாசி. ஹாஸ்டலுக்கு அம்மாதான் போன் பண்ணுவாள், "அப்பா கேக்கறார், சாப்பிட்டாளான்னு." "சாப்பிட்டேன்னு சொல்லு." பக்கத்தில் அப்பாவின் இருமல் கேட்கும். ஒரு போன் தூரம்கூட இல்லை, ஒரு தோள் தூரம்.

மணி என்ன இருக்கும்? அடுத்த அறையில் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டுக்குக் கை தட்டுகிறார்கள், ஒரு கை மட்டும் எப்போதும் பிந்தித் தட்டுகிறது, யார் கை என்று தெரியும், திட்டு வாங்கப் போகிற கை. லோகேஸ்வரி வந்துவிடுவாள். கவிஷ்காவின் அம்மா, ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியில் பறந்து வந்து பிள்ளையைத் தூக்கிப்போய், ஸ்கேன் சென்டரிலேயே ஸ்டோர் ரூமில் பாய் விரித்துத் தூங்க வைப்பாள். அந்த மட்டுக்கும் அங்கே டாக்டர் கண்டுகொள்ளாமல் இருக்கிறார். "காலையில மட்டும் எங்கயாவது இருந்தாப் போதும் மிஸ்." இன்று காலை கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், ஈரக் கை, கிரீம் வாடை. "ஏற்கெனவே ஒரு ஸ்கூல்ல பேச மாட்டேங்கறான்னு அனுப்பிட்டாங்க. இங்க கடிக்கிறான்னு சொல்றாங்க. இதுவும் போச்சுன்னா நான் வேலையை விடணும், அவங்க அப்பா வெளிநாட்டுல இருந்துக்கிட்டு அதைத்தான் சொல்றாரு, விடு விடுன்னு. எனக்கு விட மனசில்ல மிஸ்." அந்தக் கடைசி வாக்கியம் என்னோடு உள்ளே வந்துவிட்டது. இப்போது அது ஒரு நான்கு வயசுப் பிள்ளையின் உதட்டில் தொங்குகிறது, அந்த உதடோ ஒட்டிவைத்த மாதிரி மூடியிருக்கிறது. ஒரு சாரி வந்தால் ஒரு வேலை தங்கும். இதை இவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லலாமா, சொன்னால் நான் யார்? வராவிட்டால்? மேடத்திடம் போய்ச் சண்டை போடுவேன், எனக்குத் தெரியும், அழகாகப் போடுவேன், மேற்கோள் எல்லாம் காட்டுவேன், முடிவில் நான் சரியாக இருப்பேன், லோகேஸ்வரி வீட்டில் இருப்பாள். பெரியப்பா வீட்டில் நான் சரியாக இருந்தேன். மிதுனாவுக்கு அன்றைக்கு ராத்திரி இன்னும் இரண்டு விழுந்ததாக அம்மா சொன்னாள். இதை நினைக்கக் கூடாது. நினைக்கிற நாற்காலி அவளுடையது, என்னுடையது இல்லை. கவிஷ்கா டியூப் லைட்டைப் பார்க்கிறாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையே பார்க்கிறாள். பகலில் எரியாத லைட்டில் என்ன இருக்கிறது? கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒரு தடவை வலது கையை வெளியே எடுத்துச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டாள், முள் குத்தினவள் மாதிரி. மறுபடி உள்ளே வைத்துவிட்டாள்.

"விரல்ல என்ன? அடி பட்டுச்சா? மிஸ் கிட்டக் காட்டு." காட்டவில்லை. நான் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தேன், தளர்ந்தால் தளர்ந்துவிட்டுப் போகட்டும், ரத்தம் காலுக்குள் ஊசி ஊசியாய் இறங்கியது, "ஸ்ஸ்" என்றேன். அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "காலு தூங்கிருச்சா?" என்றாள். குரல் உடைந்த குரல், ரொம்ப நேரம் உபயோகிக்காத குரல். ஆமாம், தூங்கிவிட்டது என்றேன். யோசித்தாள். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ரகசியமாக, எச்சில் தெறிக்க: "ரித்விக் காய்." "என்னது?" "ரித்விக் என் கூட காய் விட்டுட்டான்." தொடைக்கு அடியிலிருந்து சுண்டுவிரல் வெளியே வந்தது. "காய்னா பேசக் கூடாது." பேசினால் என்ன என்று கேட்டேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை. "பேசினா வாய்க்குள்ள பல்லி விழும். ரித்விக் சொன்னான்." டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு வால் நுனி. இத்தனை நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை அல்ல. அங்கே ஒரு பல்லி ஆடாமல் அசையாமல் இவள் வாய் எப்போது திறக்கும் என்று உட்கார்ந்திருக்கிறது, கீழே நான் உட்கார்ந்திருக்கிறேன், அதே காரணத்துக்காக. "அதுக்காகவா அவனைக் கடிச்சே?" "பேசக் கூடாதுல்ல," என்றாள், பொறுமையாக, எனக்குப் பாடம் வரவில்லையே என்ற அலுப்போடு. "அதான் கடிச்சேன்."

நாங்களும் விட்டோம் காய். துறையூரில் கட்டை விரலை மேல்பல்லில் வைத்துச் சுண்டுவோம், இங்கே சுண்டுவிரல். பழம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து நீட்ட வேண்டும், மற்றவள் தொட வேண்டும். காய் விட்டவர்தான் முதலில் பழம் விட வேண்டும், அதுதான் சட்டம். அதை எங்களுக்கு எந்த மிஸ்ஸும் சொல்லித்தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, பெரியவர்கள் உள்ளே வராத ஒரே பஞ்சாயத்து அது. சண்டை போட ஒரு வழி, சண்டையில் இருக்க ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. நான் படித்த அத்தனை சமூகத் திறனும் இரண்டு விரலில் இருக்கிறது. எழுந்து ஓடினேன், மரத்த காலோடு, நொண்டிக்கொண்டு, ஆபீஸ் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். "மேம், அவ பிடிவாதம் இல்ல மேம். அவங்க ரெண்டு பேரும் காய். ரித்விக் பழம் விடாம அவளால பேச முடியாது. பயந்துபோய் உக்காந்திருக்கா." மேடம் போனைக் காதிலிருந்து எடுத்தார். "எழில். நீங்க எம்.எஸ்ஸி. படிக்கிறீங்க." "ஆமா மேம், அதனாலதான்..." "காய் பழமெல்லாம் நம்ம ஸ்கூல்ல கிடையாதுன்னு போன வாரமே பேரன்ட்ஸுக்கு மெசேஜ் போட்டாச்சு. நெகட்டிவ் பிஹேவியர். இங்க எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ். ஒன்லி ஃப்ரெண்ட்ஸ்." "கிடையாதுன்னு நாம சொன்னா அவங்களுக்கு இல்லாமப் போயிருமா மேம்?" "ஆர்க்யூ பண்ணாதீங்க எழில், எனக்குத் தலைவலி. அவங்கம்மா கிளம்பிட்டேன்னு மெசேஜ் போட்டுட்டாங்க. எனக்குச் சாரி வேணும்." நான் வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் தயாராக இருந்தது, வரிசையாக, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. சோர்வாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ரித்விக்கைக் கூப்பிட்டேன். தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி வந்தான், கடி பட்ட கையைத் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தான். சின்ன வளையமாய்ப் பல் தடம், ஓரத்தில் கொஞ்சம் நீலம். வலித்திருக்கும். "ரித்விக், கவிஷ்காவுக்கு பழம் விடறியாடா?" "மாட்டேன்." "ஏன்டா?" "கடிச்சா." "நீ ஏன் காய் விட்டே?" "ரெட் பிளாக் தரல." நியாயம். எல்லாரும் நியாயமாகத்தான் இருக்கிறார்கள். அவனுக்குக் கடி பட்டிருக்கிறது, அவன் கோபம், அவன் விரல், அதை நீட்டச் சொல்ல நான் யார்? வருந்தாதவளை வருந்தச் சொல்வது தப்பென்றால் மன்னிக்காதவனை மன்னிக்கச் சொல்வது மட்டும் எப்படிச் சரி? பெரியப்பா லால்குடிக் கூடத்திலிருந்து கைதட்டுகிறார். அவன் நேரம் அவனுக்கு வேண்டும், சாயந்தரம் ஆகலாம், நாளைக்கு ஆகலாம், பிள்ளைகள் மறப்பது வேகம், விட்டுவிட்டால் தானாக ஆகும். ஆனால் நாளை வரைக்கும் கவிஷ்கா இங்கே இருக்க மாட்டாள். வெளியே ஸ்கூட்டி ஹாரன். அவளுடையதா? இல்லை, கேஸ் வண்டி. மஞ்சள் நாற்காலியில் அவள் எங்கள் இருவரையும் பார்க்கிறாள், அவன் விரலைப் பார்க்கிறாள், மேலே பார்க்கிறாள். பழத்தை எதிர்பார்க்கிற முகம் நான் பார்த்த எந்த முகத்தையும்விட வயதானது. மறுபடி ஹாரன். இது அவளுடையது, அந்த இரட்டைப் பீப். என் கை சுவர் அலமாரிக்குப் போனது. போகிறதைப் பார்த்தேன். ஸ்டார் ஸ்டிக்கர் தாள். எதற்கெடுத்தாலும் ஸ்டார் ஒட்டுவது பிள்ளைகளைக் கூலிக்காரர்கள் ஆக்குகிறது என்று ஒரு செமினார் முழுக்கப் பேசியவள் நான். "ரித்விக், கோல்ட் ஸ்டார் வேணுமா?" என்றேன். தேன் குரல், சொட்டச் சொட்ட. "பழம் விடு, ஒட்டறேன்." அவன் ஸ்டாரைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலை நீட்டினான், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆனால் கவிஷ்காவுக்கு அது போதுமாக இருந்தது. நாற்காலியிலிருந்து குதித்தாள், அவன் விரல்களைத் தன் விரல்களால் தொட்டாள், தொட்ட கையோடு, "சாரி ரித்விக்! சாரி! வலிக்குதா? நான் ஊதட்டா? நாளைக்கு ரெட் பிளாக் உனக்கு, சரியா? சரியாடா?" என்று இத்தனை நேரம் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள், ஒரு காலைப்பொழுது முழுக்கச் சேர்ந்த பேச்சு. அவன் நெற்றியில் ஸ்டார் மின்னியது. மேடம் கதவில் நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தார் தெரியவில்லை, பின்னால் லோகேஸ்வரி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். மேடம் கை தட்டினார். "வெரி குட் கேர்ள்! பாத்தீங்களாம்மா, கொஞ்சம் உக்காந்து யோசிச்சா தானா வருது. அதுக்குத்தான் திங்கிங் சேர்." என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "இன்னொண்ணு ஆர்டர் பண்ணிடலாம் எழில். எல்.கே.ஜி. ரூமுக்கும்." லோகேஸ்வரி சுவரில் சாய்ந்து நின்றாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை, மணியைப் பார்த்தாள். "தேங்க்ஸ் மிஸ்," என்றாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. சரி, தங்கியது. வேலை தங்கியது, பிள்ளை தங்கியது. தங்கியதே. நான் ஏன் குற்றவாளி மாதிரி ஸ்டிக்கர் தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன்?

கேட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வெயில் முகத்தில் அறைந்தது. கவிஷ்கா ஸ்கூட்டியின் முன்னால் ஏறி நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னலைச் சரிபண்ணலாம் என்று கையை நீட்டினேன். தலையை விலக்கிக்கொண்டாள். "என்னடா?" சுண்டுவிரல். நேராக, என் முகத்துக்கு நேராக. "மிஸ்ஸுக்கா? ஏன்டா தங்கம்?" "அவனுக்கு மட்டும் ஸ்டார்," என்றாள். "நான்தானே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்." லோகேஸ்வரி, "ஏய், மிஸ்கிட்ட அப்படியெல்லாம் பண்ணக் கூடாது, சாரி சொல்லு," என்றாள். "வேணாங்க," என்றேன், ரொம்ப வேகமாக. "சொல்லச் சொல்லாதீங்க." கவிஷ்காவுக்கு விளக்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மிஸ் ஏன் அப்படிச் செஞ்சேன்னா, உனக்காகத்தான், அம்மாவுக்காகத்தான். அவள் கண் என் வாய்க்கு மேலே, எங்கோ உயரத்தில் எதையோ தேடியது. வாயை மூடிக்கொண்டேன். காய் என்றால் பேசக் கூடாது. ஸ்கூட்டி கிளம்பியது. முனை திரும்பும் வரைக்கும் அந்தச் சுண்டுவிரல் கண்ணாடிக்கு மேலே நீட்டியபடியே போனது. காய் விட்டவர்தான் முதலில் பழம் விட வேண்டும். நாளைக்கு விடலாம், விடாமலும் போகலாம், அவள் இஷ்டம். ஸ்டார் காட்டி வாங்க மாட்டேன். மாட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

போன் அதிர்ந்தது. அம்மா. கேட்டைச் சாத்திவிட்டு அதன் நிழலில், கேட்டுக்கு எவ்வளவு நிழல் இருக்குமோ அதில், ஒண்டி நின்றுகொண்டேன். "சாப்பிட்டியாடி? அப்பா கேக்கறார்." பின்னால் அந்த இருமல். எப்போதும் இருமல் என்றுதான் நினைத்துவந்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்கும்போது வாயைத் திறக்கப் பயந்து ஒருவர் தொண்டையை மட்டும் திறந்து மூடுகிற சத்தமாக இருந்தது. காய் விட்டது யார், அவரா, நானா? அவர்தான் பேச்சை நிறுத்தினார், சட்டப்படி அவர்தான் விரலை நீட்ட வேண்டும். தினமும் மதியம் சாப்பிட்டாளா என்று நீட்டிக்கொண்டிருப்பது வேறென்ன? பெரியப்பாவிடம் சாரி சொல்ல மாட்டேன். அது வேறு, அதில் மாற்றமில்லை, சாகும்வரை வாதாடுவேன். "எழிலு? இருக்கியா?" "இருக்கேன்மா. இன்னும் சாப்பிடலன்னு சொல்லு. இப்பதான் போறேன்." அம்மா சொல்லத் திரும்புகிற சத்தம். "அம்மா." "என்னடி?" "அவர் சாப்பிட்டாரான்னு கேளு." இருமல் நின்றது. அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது, இதுவரை செய்தி ஒரு பக்கமாகத்தான் போயிருக்கிறது. அவள் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் பின்னாலிருந்து, போனுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உயர்த்தின குரலில், சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, அப்பா சொன்னார்: "அவ சாப்பிட்டப்புறம் சாப்பிடறேன்னு சொல்லு."